சுகன்யா வளைத்த கண்ணாடி இழை

அன்று காலை மேசைக்கடியில் துடைப்பத்தை விட்டபோது, ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் தரையில் ஏதோ மினுங்கியது. தலைமுடியைவிடச் சற்றே தடிப்பு. நீளம் ஒரு விரற்கடை இருக்கும். சுகன்யா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையால் தொடவில்லை. மேசைமேல் கிடந்த ஒட்டு டேப்பில் ஒரு சாண் கிழித்து, பசைப்பக்கத்தைத் தரையில் அழுத்தி எடுத்தாள். ஒன்றுக்கு மூன்றாகக் கண்ணாடித் துண்டுகள் டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்தன. டேப்பை உள்பக்கமாக மடித்து, ஒரு தாளில் சுற்றி, அதற்கப்புறம்தான் குப்பைக்கூடையில் போட்டாள்.

வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் அர்ச்சனா. அந்தப் பரிசோதனைக்கூடம் அவருடையது. வில்லியனூருக்கு மேற்கே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் சுகன்யா ஏழு மாதமாகப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அதுவரை ‘வணக்கம் மேடம்’ தாண்டி ஒரு பேச்சு நடந்ததில்லை.

“இத டேப்பாலதான் எடுக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

சுகன்யா எழுந்து நின்றாள். “கம்பெனில சொல்லிக் குடுத்தது மேடம். வெறுங்கையால எடுத்தா தோலுக்குள்ள பூந்துக்கும். ஊசி வுட்டு நோண்டினாலும் வராது.”

“எந்தக் கம்பெனி?”

அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சுகன்யாவால் முடியவில்லை. பதினைந்து வருடமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கையில் துடைப்பமில்லாமல், முந்தானையைத் திருகிக்கொண்டு, கால்மணி நேரம் பேசினாள்.

காட்டேரிக்குப்பத்தில் கூலிவேலை செய்த இருசப்பனின் இரண்டாவது பெண் அவள். பிளஸ் டூ முடித்த கையோடு, 2001-ல், திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். டெலிபோன் கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழைகளுக்கு முனை கட்டித் தருவது அங்கே வேலை. ஓர் இழையின் வெளிச்சம் சிந்தாமல் அடுத்த இழைக்குள் போகவேண்டுமானால், இரண்டின் முனையும் துளிக் கீறலில்லாமல் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் தோலை உரித்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, முனைக்கான பீங்கான் குழலுக்குள் செருகி ஒட்டி, பட்டுப்போல் மெல்லிய உப்புத்தாளின்மேல் வைத்துத் தேய்க்கவேண்டும். வட்டமாகத் தேய்த்தால் முனை ஒரு பக்கம் சாய்ந்துபோகும். எட்டுப் போட்டுத் தேய்த்தால்தான் நேராக நிற்கும். நீலக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியுமாக நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாளெல்லாம் எட்டுப் போட்டார்கள்.

காலை ஆறே முக்காலுக்குச் சாலை முனையில் வெள்ளை வேன் வந்து நிற்கும். ஜன்னலோரச் சீட்டுக்குத் தினமும் சண்டை. வேனில் ஏறிய நிமிடத்திலிருந்து இறங்கும்வரை சிரிப்புதான். பக்கத்து ஊர் ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமை பார்த்த சினிமாவை ஐந்து நாளைக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்வாள். வெள்ளிக்கிழமை கிளைமாக்ஸ். ஒருமுறை வியாழனன்றே வேன் பழுதாகி நின்றதில் நேரம் நிறையக் கிடைத்து, கதை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு ஸ்டெல்லா தானாகவே ஒரு இரண்டாம் கிளைமாக்ஸைக் கட்டினாள். அதில் செத்துப்போன வில்லன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். படத்தைவிட அதுதான் நன்றாக இருந்தது என்று வேன் டிரைவரே சொன்னார்.

சுகன்யாவின் இடமும் ஸ்டெல்லாவின் இடமும் அடுத்தடுத்து. யாருடைய முனை சுத்தமாக இருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் ஒருத்திக்கொருத்தி பார்த்துக்கொள்வார்கள். தேய்த்து முடித்த முனையை உருப்பெருக்கியில் பார்த்தால் கறுப்பு வட்டத்துக்கு நடுவே பௌர்ணமி நிலாபோல் வெளிச்சம் தெரியும். சுகன்யா அந்த எட்டு வருடத்தில் லட்சம் நிலாக்களாவது பார்த்திருப்பாள். அவள் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு மிக்ஸி வந்தது. ‘கம்பெனிக்குப் போற பொண்ணு’ என்று தெருவில் பெயர் வந்தது. 2009-ல் கம்பெனியை மூடினார்கள். வேன் நின்றது. கரிக்கலாம்பாக்கத்தில் மேஸ்திரி வேலை செய்யும் மணிவண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்று, நூறுநாள் வேலை, ஜவுளிக்கடை, கேண்டீன் என்று மாறி மாறி வந்தவள் கடைசியில் துடைப்பத்தோடு இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ஆனால் அர்ச்சனாவிடம் சொல்லாமல் விட்ட கதை ஒன்றும் இருந்தது.

2004 மே மாதம். ஏற்றுமதி அவசரம் என்று கம்பெனியில் ஒரே நேரத்தில் இரண்டு பேரை இடத்தைவிட்டு எழுந்திருக்க விடவில்லை. ஸ்டெல்லா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “நீ போறப்ப எனக்கும் ரொப்பிக்கினு வாடி” என்பாள். சுகன்யாவும் குழாயில் பிடித்துக் கொண்டுவந்து வைப்பாள். சுகன்யாவுக்கு வெறும் தண்ணீர் இறங்காது, டீதான். பத்து நாளில் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் நான்கு பேர். குழாய்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று பெண்கள் சொன்னபோது, “சாம்பிள் அனுப்பியிருக்கு, ரிப்போர்ட் வரட்டும்” என்றார் மேனேஜர். ரிப்போர்ட் ஒன்பதாம் நாள் வந்தது. அதுவரை எல்லோரும் அதே குழாயில்தான் குடித்தார்கள். தொட்டியில் கழிவுநீர் கலந்திருந்தது. மொத்தம் பதினோரு பேருக்கு டைபாய்டு. ஸ்டெல்லாவுக்குக் குடலில் ரத்தம் கசிந்து ஒன்றரை மாதம் படுக்கை.

சுகன்யா ஒருமுறை பார்க்கப் போனாள். முடியெல்லாம் கொட்டி, மிச்சத்தையும் மழித்துவிட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் அது. சுகன்யா வாங்கிப் போன ஆரஞ்சுகளைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, வாய் திறக்காமல் திரும்பினாள். மறுபடி போகவில்லை. ஸ்டெல்லாவின் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். அவர்கள் குடும்பம் பாகூர் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

“இங்க வாங்க,” என்று அர்ச்சனா அவளை மேசைப்பக்கம் கூப்பிட்டார். அங்கே ஒரு சின்னத் தாங்கியில், கொண்டை ஊசிபோல் வளைந்த ஒரு கண்ணாடி இழை நின்றிருந்தது. “நீங்க கம்பெனில செஞ்ச இழைல வெளிச்சம் நேரா ஓடும். வெளிய சிந்தாது. இப்படி வளைச்சா, வளைவுல மட்டும் கொஞ்சம் வெளிய எட்டிப் பார்க்கும். அந்த எடத்துல ஒரு மருந்து பூசுறோம். அதுல மலத்துலேர்ந்து தண்ணிக்கு வர்ற ஈ-கோலிங்கற கிருமி மட்டுந்தான் வந்து ஒட்டும். ஒட்டினா, இந்தப் பக்கம் வர்ற வெளிச்சம் கொறையும். எவ்வளவு கொறையுதுன்னு மெஷின் கோடு போட்டுக் காட்டும்.”

“கிருமி ஒட்றது வெளிச்சத்துக்குத் தெரியுமா மேடம்?”

“தெரியும்.”

“எத்தினி நாள் ஆவும்?”

“நாளா? அரை மணி நேரம்.”

சுகன்யா அந்த வளைந்த இழையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம். அவர்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

“வழக்கமா பண்றதுன்னா தட்டுல ஊத்தி, கதகதப்புல வெச்சி, கிருமி வளர்ந்து புள்ளி புள்ளியா வர்ற வரைக்கும் காத்திருக்கணும்,” என்றார் அர்ச்சனா. “அதுக்கே ஒரு நாள், ரெண்டு நாள் ஆவும். இது சரியா வந்துட்டா எந்த ஊருக்கும் கையில எடுத்துக்கிட்டே போகலாம். ஆனா எங்க பசங்க பத்து வளைச்சா எட்டு ஒடையுது. முனை தேய்க்கவும் யாருக்கும் பொறுமை இல்ல. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லன்னா மெஷின் சொல்றத நம்பவே முடியாது.”

“நான் ஒண்ணு பாக்கட்டுமா?”

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. அர்ச்சனா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இழையின் தோலை உரித்தது விரல்தான், அவள் இல்லை. பதினைந்து வருடம் பாத்திரமும் துடைப்பமும் பிடித்துக் காய்ப்பேறிய விரல்கள் எங்கே அழுத்தவேண்டும், எங்கே விடவேண்டும் என்பதை மறக்கவில்லை. முனையைத் தேய்க்கத் தொடங்கியபோது எட்டு தானாக வந்தது. வளைப்பது மட்டும் புதிது. சின்ன நெருப்பு நாக்கில் காட்டி, கண்ணாடி இளகும் அந்த ஒரு நொடியில் மடக்கவேண்டும். முந்தினால் ஒடியும், பிந்தினால் தொய்ந்துவிடும். முதல் நான்கை ஒடித்தாள். ஐந்தாவது நின்றது. முனையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கறுப்பு வட்டத்துக்கு நடுவே நிலா. சட்டென்று மூக்கில் ஸ்பிரிட் வாசனையோடு வேனின் டீசல் வாசனையும் ஏறியது. பக்கத்து இடத்தில் யாரோ சிரித்ததுபோல் இருந்தது. கண்ணை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து பெருக்க வேறு ஆள் வந்தார். சுகன்யாவுக்கு ஆய்வக உதவியாளர் என்று ஒரு அடையாள அட்டை கிடைத்தது. மணிவண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “போட்டோல இன்னா மொறைக்கிற?” என்று மட்டும் கேட்டான். ஆனால் அன்று சாயந்திரம் டீக்கடையில் ஐந்து பேரிடமாவது சொல்லியிருந்தான் என்பது மறுநாள் தெரிந்தது.

ஆகஸ்டில் அர்ச்சனா ஒரு சேதி சொன்னார். மழைக்காலத்தில் கிராமம் கிராமமாகப் போய்க் கருவியைச் சோதிக்க அனுமதி கிடைத்திருந்தது. அதற்கு முந்நூறு இழைகள் வேண்டும். இருப்பது ஒன்றரை மாதம். “ஒரு ஆளால முடியாது சுகன்யா. வேலை தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களா?”

கம்பெனியில் கூட வேலை பார்த்த கலியம்மாளின் போன் நம்பர் இருந்தது. கலியம்மாள் மூலமாக இன்னொருத்தி கிடைத்தாள். கலியம்மாளே கேட்டாள்: “ஸ்டெல்லாவக் கூப்புட்டியா? பாகூர்ல டைலரிங் பண்ணிக்கினு கீறா. ஏரிக்கரைப் பக்கம், சர்ச்சுக்குப் பின்னால தெரு.”

சுகன்யா அந்த ஞாயிற்றுக்கிழமை பாகூர் பஸ்ஸில் ஏறினாள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து அரைமணி நேரப் பயணம்தான். இந்த அரைமணி நேரத் தூரத்தைத் தாண்ட இருபது வருடம் ஆகியிருந்தது. வயல்களுக்கு நடுவே பிளாட் போட்ட சிவப்புக் கற்கள் வரிசையாக ஓடின. என்ன பேசுவது என்று வழி நெடுக மனதுக்குள் எழுதி எழுதி அழித்தாள்.

தையல் மிஷின் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். ஸ்டெல்லா நைட்டி ஒன்றுக்குப் பட்டி அடித்துக்கொண்டிருந்தாள். முடி திரும்ப வளர்ந்து, கொண்டையாகி, காதோரம் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மிஷின் நின்றது.

“இன்னாடி,” என்றாள் ஸ்டெல்லா. “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் போயே போய்விட்டது. சுகன்யா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அந்தத் தண்ணி பாட்டில நான்தான் ரொப்பிக் குடுத்தேன். எல்லா நாளும் நான்தான்.”

“எந்த பாட்டில்?”

“கம்பெனில. உனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப.”

ஸ்டெல்லா நெற்றியைச் சுருக்கினாள். உண்மையாகவே அவளுக்கு ஞாபகமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “நீ ரொப்பலன்னா நான் எழுந்துபோயி ரொப்பியிருப்பேன். ஒரே குழாதான? இதையா இத்தினி வருசமா நெஞ்சுல வெச்சிக்கினு இருந்த?” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம் குரல் தாழ்ந்தது. “எனக்கு வருத்தம் அது இல்லடி. மொட்டத் தலையோட படுத்துக்கினு தெனமும் வாசலப் பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்கு வருவ, நாளைக்கு வருவன்னு. அந்த ஆரஞ்சு வதங்கி, எங்கம்மா எடுத்துப் போட்ற வரைக்கும் பாத்தேன். நீ வரவே இல்ல. அதான் எனக்கு.”

சுகன்யா அழுதாள். ஸ்டெல்லா அழவில்லை. உள்ளே போய்த் தட்டில் சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பாதி சாப்பிடுவதற்குள் சுகன்யா இழை வேலையைப் பற்றிச் சொல்லி முடித்தாள். ஸ்டெல்லா கேட்டாள்:

“எத்தினி மணிக்கு வரணும்?”

அந்த ஒன்றரை மாதத்தை நினைத்தால் சுகன்யாவுக்கு இப்போதும் முகம் மலரும். நான்கு பெண்கள் ஒரே மேசையில். முதல் நாள் ஸ்டெல்லா இழையைக் கையில் எடுத்தாள், தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள், மறுபடி தள்ளிப் பிடித்தாள். “இன்னாடி, இழையே காணோம்?” என்றாள். கண் மங்கியிருந்தது. மறுநாள் வெள்ளெழுத்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், மதியத்துக்குள் பன்னிரண்டு முனை தேய்த்தாள். நெருப்பில் வளைக்க மட்டும் அவளுக்கு வரவில்லை. அது சுகன்யாவின் வேலை என்று தானாகவே பிரிந்தது. உரிப்பது கலியம்மாளும் அவள் கூட்டிவந்தவளும், தேய்ப்பது ஸ்டெல்லா.

கூடத்துக்குள் தின்னக் கூடாது. மாடிப்படிக்கடியில் உட்கார்ந்து நான்கு டப்பாவையும் திறந்து நடுவில் வைப்பார்கள். அன்று வேனில் கேட்ட அதே குரல்கள்தான். பேச்சு மட்டும் மாறிப்போயிருந்தது. அன்றைக்கு யாரை யார் பெண் பார்க்க வந்தார்கள் என்பது. இன்றைக்கு யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் மகள் எந்தக் காலேஜ் என்பது. கலியம்மாள் ஒரு நாள் கேட்டாள், “ஏய் ஸ்டெல்லா, அந்த வில்லன் ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சானே, அப்பறம் இன்னா ஆனான்?” ஸ்டெல்லா சோற்றைப் பிசைந்தபடியே, “அவனுக்கும் டைபாய்டு வந்துருச்சி” என்றாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில், படியிறங்கிய மாணவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து அர்ச்சனாவும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு படிக்கடிக்கு வந்துவிட்டார். அவர் கொண்டுவரும் எலுமிச்சைச் சோற்றில் உப்பு எப்போதும் குறைவாக இருக்கும். யாரும் சொல்லவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு இழைகள் ஆயின.

அக்டோபர் மழையில் கிளம்பினார்கள். கருவி ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடை அளவுதான். ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் வெளிச்சத்தை அளக்கும் பகுதி, நடுவில் இழையைத் தண்ணீரில் தொங்கவிடும் கிண்ணம். அர்ச்சனா, சுகன்யா, ஸ்டெல்லா மூவரும் போனார்கள். முதல் இரண்டு ஊரில் கோடு நேராக ஓடியது. தண்ணீர் நல்ல தண்ணீர்.

மூன்றாவது, கரிக்கலாம்பாக்கத்துக்கு வெளியே மங்கள நகர். வயலைத் தூர்த்து மனைபோட்டு ஐந்தாறு வருடமாகக் குடி வந்துகொண்டிருந்த இடம். அறுபது வீடு. அங்கே குடியிருந்தவர்களே சங்கம் வைத்து, சொந்தமாக ஆழ்குழாயும் தொட்டியும் குழாயும் போட்டிருந்தார்கள். அதில் பத்து வீட்டுக்குச் சுவர் எடுத்தவன் மணிவண்ணன்.

முதல் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரில் இழையை இறக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் கோடு சாயத் தொடங்கியது. சுகன்யாவுக்கு முதலில் தோன்றியது தன் இழை கெட்டுவிட்டது என்றுதான். “மேடம், என் வளைவு சரியில்லபோல” என்றாள். இழையை மாற்றி, கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். கோடு ஆடவில்லை. மறுபடி குழாய்த் தண்ணீரில் விட்டார்கள். சாய்ந்தது. மூன்றாவதாக, வேறு நாளில் செய்த இழைகளிலிருந்து ஒன்றை ஸ்டெல்லாவே எடுத்துக் கொடுத்தாள். அதுவும் சாய்ந்தது.

அப்போது தண்ணீர் பிடிக்க வந்த பிரியதர்ஷினி என்ற பெண் சொன்னாள், “எங்க பாப்பாவுக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது. எதிர்வூட்லயும் அப்பிடித்தான்.”

அர்ச்சனா ஒரு சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்து மூடினார். முகம் இறுகியிருந்தது. “இது இன்னும் சோதனைல இருக்கற கருவி. தட்டுல கிருமி வளர்ந்து வந்தாத்தான் உறுதியா சொல்ல முடியும். ஆனா சங்கத்துல சொல்லிடணும்.”

சங்கத் தலைவர் அரிகரன் ரிட்டையர் ஆன வாத்தியார். நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையசைத்தார். “தொட்டிய பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிப் பத்து நாள்கூட ஆகலம்மா. நீங்களே இது டெஸ்டுல இருக்குன்னு சொல்றீங்க. நான் போயி தண்ணி கெட்டுப்போச்சின்னு சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க. ரெண்டு நாள்தான? ரிப்போர்ட் வரட்டும்.”

சுகன்யா ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“அய்யா, எனக்கு இருபத்தோரு வயசுல டைபாய்டு வந்துச்சி. கம்பெனித் தண்ணி. அப்பவும் இதேதான் சொன்னாங்க, ரிப்போர்ட் வரட்டும்னு. வந்துச்சி. ஒம்போது நாள் கழிச்சி. அந்த ஒம்போது நாளும் அதே தண்ணியத்தான் எல்லாரும் குடிச்சோம். எனக்கு வந்ததுக்கு யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எனக்கு அப்பறம் படுத்தாங்களே ஒம்போது, பத்து பேரு, அவங்களுக்கு வந்திருக்க வேண்டியதில்ல.” அவள் குரல் உயரவில்லை. நைட்டிக்கு அளவு சொல்வதுபோலத்தான் சொன்னாள். “கருவி தப்பா இருந்துட்டுப் போவட்டும். ரெண்டு நாள் காச்சிக் குடிச்சா யாருக்கு இன்னா கொறஞ்சிடும்?”

அரிகரன் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மழைத் தூறலில் தொட்டியடிக்கு நடந்து, குனிந்து, வால்வைத் தானே திருகி மூடினார். சாயந்திரத்துக்குள் லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார். சுகன்யாவும் ஸ்டெல்லாவும் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு அறுபது வீட்டுக் கதவையும் தட்டினார்கள். கிருமி, கருவி, கோடு எதையும் பேசவில்லை. “தண்ணிய நல்லா கொதிக்க வெச்சி ஆறவெச்சிக் குடிங்க” என்றார்கள், அவ்வளவுதான். பிரியதர்ஷினியையும் குழந்தையையும் அர்ச்சனாவின் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலையிலேயே தட்டில் புள்ளிகள் வந்துவிட்டன. எண்ணி மாளவில்லை. அந்த வாரமே தோண்டிப் பார்த்ததில், மணல் லாரி ஏறி ஒரு திருப்பத்தில் குழாய் விரிசல் விட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு வீட்டின் கழிவுத்தொட்டி. மழையில் அது ஊறிக் குழாய்க்குள் இறங்கியிருந்தது. மொத்தம் ஏழு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஏழு பேரும் தேறினார்கள். வால்வை மூடிய பிறகு எட்டாவது ஆள் யாரும் படுக்கவில்லை.

கருவி எல்லா ஊரிலும் அப்படிச் சாதிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு ஊரில் கோடு பயங்கரமாகச் சாய்ந்தது. தட்டில் ஒரு புள்ளிகூட வரவில்லை. செம்மண் கலங்கலை மெஷின் கிருமி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சுகன்யாவுக்கு அவமானமாக இருந்தது. அர்ச்சனா அவளைவிட ஆர்வமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். “இதுவும் தெரியணும் சுகன்யா. இது தெரியாமப் போயிருந்தாத்தான் ஆபத்து.” கலங்கல் தண்ணீரை வடிகட்டிய பின்பே இழையை இறக்குவது என்று அன்றே முடிவாயிற்று. இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் வேலை இருக்கிறது என்றார். அதைக் கேட்டபோது, வருத்தப்படவேண்டிய இடத்தில் தனக்கு ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சுகன்யா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கலியம்மாள் தன் மகளின் பிரசவத்துக்கென்று போய்விட்டாள். நான்காவது பெண்ணுக்குப் பஸ் தூரம் ஒத்துவரவில்லை. ஸ்டெல்லா மட்டும் வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். மற்ற நாளில் தையல். சனிக்கிழமை சாயந்திரம் இருவரும் ஒன்றாகக் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பேசுவதற்கு இருபது வருடம் பாக்கி இருக்கிறது. பல நாள் முதல் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள்.

அப்படி நின்ற ஒரு சனிக்கிழமை, ஸ்டெல்லா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி கேட்டாள்: “திங்கக்கெழம எந்த ஊருடி?”

“கரையாம்புத்தூர். பத்து கெணறு, ரெண்டு தொட்டி.”

“அவ்ளோ தூரமா? அப்ப காலைல வண்டி எத்தினி மணிக்கு?”

“ஆறே முக்கால்,” என்றாள் சுகன்யா.

“சோறு நான் கட்டிக்கினு வரேன். நீ மேடத்துக்கு உப்பு எடுத்துக்கினு வா,” என்றாள் ஸ்டெல்லா. பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.